கர்ப்பத்தில் விற்றமின் டி, பிறந்த பிள்ளைக்குத் துளி: கொழும்பில் எதை, எப்போது, எப்படி

கொழும்பில் ஒரு கர்ப்பிணிக்கு 'விற்றமின் டி குறைவு' என்று ரிப்போட் வந்துவிட்டால் ஆளுக்கொரு அறிவுரை வந்து சேரும். காலையில் வெயிலில் நில் என்பார் ஒருவர். பாமசியில் 60,000 என்று எழுதிய பக்கெட்டை எடுத்து நீட்டுவார்கள். வீட்டில் மாமி, நாங்கள் இதெல்லாம் பார்த்தா பிள்ளை பெற்றோம் என்று கேட்பார். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கேட்டபடியே செய்யப் போனால் காசும் போகும், நேரமும் போகும், சில வேளை தாய்க்கோ பிள்ளைக்கோ ஆபத்தும் வரும்.

முதல் பிள்ளையை எதிர்பார்க்கிறவர்களுக்கும், பிரசவத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ கொழும்புக்கு வந்து தங்குகிறவர்களுக்கும் இது உதவும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டெஸ்ட்டுக்கு அலைவதைவிட, தாய் நாளாந்த அளவை நேரத்தோடு தொடங்குவதும் பிறந்த முதல் நாட்களிலேயே பிள்ளைக்குத் துளி கொடுப்பதும்தான் எலும்புக்குப் பலன் தரும். டெஸ்ட் எல்லோருக்கும் தேவைப்படாது. துளி கிட்டத்தட்ட எல்லாத் தாய்ப்பால் பிள்ளைகளுக்கும் தேவை.

1. முதலில் பதிவு

கர்ப்பம் உறுதியானதும், முடிந்தால் 8 கிழமைக்குள், நீங்கள் தங்கியிருக்கும் பகுதியின் மிட்வைஃபிடம், அதாவது குடும்பநல உத்தியோகத்தரிடம், பதியுங்கள். கொட்டாஞ்சேனை, மருதானை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எல்லாம் கொழும்பு மாநகர எல்லைக்குள் வருவதால் அங்குள்ள தாய் சேய் கிளினிக்குகளை மாநகர சபை நடத்துகிறது. தெஹிவளைக்குப் போய்விட்டால் எல்லை மாறிவிடும். அங்கே எம்.ஓ.எச். பணிமனை, அதாவது சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனை, எது என்று விசாரியுங்கள். உங்கள் வீதிக்கு எந்த மிட்வைஃப் என்பது பக்கத்து வீட்டில் கைக்குழந்தை வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்கும். அவரைக் கேட்பதுதான் சுருக்க வழி.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, தங்கியிருக்கும் முகவரியைக் காட்ட மின்சார பில் அல்லது வாடகை ஒப்பந்தம், முந்திய கர்ப்பத்தின் காட் இருந்தால் அது, இதுவரை எடுத்த இரத்தப் பரிசோதனைகள், இப்போது போடும் மருந்துகளின் பெட்டிகள். மருந்தின் பெயரை நினைவில் வைத்துச் சொல்வதைவிடப் பெட்டியைக் காட்டுவது மேல். வேறு மாவட்டத்தில் ஏற்கெனவே பதிந்திருந்தால் அந்தக் காட்டையே கொண்டுவாருங்கள். புதிதாகத் தொடங்கினால் பழைய தகவல்கள் விடுபட்டுப் போகும்.

கிளினிக் இலவசம். இரும்பு, போலிக் அசிட், கல்சியம் குளிசைகளும் திரிபோஷாவும் அங்கேயே தருவார்கள். பலர் ஏமாறும் இடமும் இதுதான். கிளினிக் கல்சியம் வழக்கமாக கல்சியம் லக்டேட். அதில் விற்றமின் டி கிடையாது. 'கல்சியம் போடுகிறேன், டி-யும் அதற்குள் இருக்கும்' என்று இருந்துவிட வேண்டாம்.

2. டெஸ்ட் உங்களுக்குத் தேவையா?

கீழே உள்ளவற்றில் ஏதாவது பொருந்தினால் டொக்டரிடம் பேச்சை எடுங்கள்:

- அபாயா, நிக்காப் போல உடல் முழுவதும் மூடும் உடை, அல்லது வாரக்கணக்கில் தொடர்மாடியை விட்டு வெளியே வராத வாழ்க்கை
- கர்ப்பத்தின் தொடக்கத்தில் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 30 அல்லது அதற்கு மேல்
- வலிப்புக்கு பெனிட்டோயின், பெனோபாபிட்டோன், கார்பமசெபின், அல்லது காசநோய்க்கு ரிபாம்பிசின்
- குடல், ஈரல், சிறுநீரக நோய், அல்லது உடல் எடை குறைக்க இரைப்பையில் செய்த சத்திரசிகிச்சை
- முட்டை, மீன், பால் எதுவுமே எடுக்காத சைவம்
- முந்திய பிள்ளைக்கு எலும்பு வளைவு அல்லது கல்சியம் குறைந்து வலிப்பு வந்த வரலாறு
- படியேறக் கஷ்டப்படும் அளவு தொடைப் பலவீனம், இடுப்பெலும்பிலும் காலெலும்பிலும் தொடர்ந்த நோவு

எதுவுமே பொருந்தாதவர் டெஸ்ட் எடுக்காமலே நாளாந்தக் குளிசை பற்றி டொக்டரிடம் கேட்டுத் தொடங்கலாம். ஒரு டொக்டர் வேண்டும் என்பதும் இன்னொருவர் வேண்டாம் என்பதும் யாரோ ஒருவர் பிழை விடுவதால் அல்ல. உலக சுகாதார நிறுவனம் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாகக் கொடுக்கும்படி சொல்லவில்லை. பிரித்தானியா எல்லோருக்கும் நாளுக்கு 400 ஐ.யூ. சொல்கிறது. அமெரிக்க மருத்துவ நிறுவகம் 2011 இல் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 600 என்று வைத்தது. ஐ.யூ. என்பது சர்வதேச அலகு. 40 ஐ.யூ. ஒரு மைக்ரோகிராம். இந்த 40-ஐ மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், கீழே பல தடவை வரும்.

3. இரத்தம் கொடுக்க முன்

டொக்டர் டெஸ்ட்டுக்கு எழுதித் தரும் துண்டில் '25 ஹைட்ரொக்ஸி விற்றமின் டி' என்று இருக்க வேண்டும். '1,25 டைஹைட்ரொக்ஸி' என்பது வேறு டெஸ்ட், விலையும் கூட. கர்ப்பத்தில் அந்த அளவு தானாகவே இரண்டு மூன்று மடங்கு ஏறும். உடலின் கையிருப்பு காலியாக இருந்தாலும் அந்த ரிப்போட் நல்லதாகத் தெரியும். லாப் கவுண்டரில் வெறுமனே 'விற்றமின் டி' என்று சொல்லிவிட்டு நகராமல், பில்லில் எது அடிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

சாப்பிடாமல் போகத் தேவையில்லை. தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் குளிசை போடுகிறவர் இரண்டு நாளைக்கு முன்பே நிறுத்திவிட்டு, லாப்பிலும் சொல்லுங்கள். சில இயந்திரங்களில் பயோட்டின் குறுக்கிட்டு விற்றமின் டி-யை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்.

செலவு: சீனி, ஹீமோகுளோபின் டெஸ்ட்களைவிடப் பல மடங்கு. தனியார் லாப்களில் ஆயிரக்கணக்கில் போகும், இடத்துக்கு இடம் வித்தியாசமும் பெரிது. போன் எடுத்து விலை என்ன, எந்த அலகில் ரிப்போட் தருவீர்கள், எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். சிறிய கிளைகள் இரத்தத்தை எடுத்துத் தலைமை லாப்புக்கு அனுப்புவதால் சில நாள் பிந்தலாம். அரச வைத்தியசாலையில் விசேட வைத்தியர் தேவை என்று கண்டால்தான் எழுதுவார். கேட்டவுடன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நேரம்: எடுப்பதென்றால் 12 முதல் 16 கிழமைக்குள், கிளினிக்கின் மற்ற இரத்தப் பரிசோதனைகளோடு ஒரே குத்தில் எடுத்துவிடுங்கள். குளிசை தொடங்கி அளவு உயர்ந்து நிலைக்க இரண்டு மூன்று மாதம் செல்லும். பிள்ளை தாயிடமிருந்து எடுக்கும் ஏறத்தாழ 30 கிராம் கல்சியத்தில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான் போகிறது. 34 ஆம் கிழமையில் டெஸ்ட் எடுத்துக் குறைவு என்று கண்டால் தாய்க்கு மருந்து தொடங்கலாம், ஆனால் பிள்ளைக்கு அதில் கிடைக்கும் பங்கு சிறிது.

4. ரிப்போட்டில் எண்ணைவிட அலகை முதலில் பாருங்கள்

இலங்கையில் இரண்டு அலகுகள் புழங்குகின்றன: நனோகிராம்/மில்லிலீற்றர், நனோமோல்/லீற்றர். முதலாவதை 2.5 ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும்.

இரண்டு பெண்களின் ரிப்போட்டிலும் '42' என்று இருக்கிறது என்று வையுங்கள். ஒருவருடையது நனோகிராம். நல்ல அளவு, ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மற்றவருடையது நனோமோல். 42-ஐ 2.5 ஆல் வகுத்தால் 16.8 நனோகிராம், குறைவு. அலகைச் சொல்லாமல் போனில் எண்ணை மட்டும் டொக்டருக்கு வாசித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கம் முழுவதையும் படம் எடுத்து அனுப்புங்கள், அலகு இருக்கும் நிரல் வெட்டுப்படாமல்.

எல்லைகள் நனோகிராமில், அடைப்புக்குள் நனோமோல்:

- 12 (30) க்குக் கீழ்: தெளிவான குறைபாடு
- 12 முதல் 20 (30 முதல் 50): போதாது
- 20 (50) க்கு மேல்: எலும்புக்குப் போதும்

எலும்புருக்கம் (ரிக்கெட்ஸ், பிள்ளையின் எலும்பு மென்மையாகி வளையும் நோய்) பற்றிய 2016 ஆம் ஆண்டின் சர்வதேச இணக்க அறிக்கை வைத்த எல்லைகள் இவை. பல லாப்கள் இன்னும் 30 நனோகிராமை எல்லையாக அச்சிட்டு, அதற்குக் கீழ் எதையும் தடித்த எழுத்தில் 'போதாது' என்று போடுகின்றன. அது 2011 இல் அமெரிக்க என்டோகிரைன் சொசைட்டி (ஹோர்மோன் வைத்தியர்களின் சங்கம்) சொன்ன எண். 2024 இன் புதிய வழிகாட்டலில் அவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள். உங்கள் அளவு 24 என்றால் இரவு நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூடவே கல்சியம், பொஸ்பேட், அல்கலைன் பொஸ்படேஸ் (எலும்பிலிருந்தும் வரும் ஒரு நொதியம்) எடுத்திருந்தால் இரண்டு விஷயம். கர்ப்பத்தில் அல்புமின் என்ற இரத்தப் புரதம் இயல்பாகவே குறைவதால் மொத்தக் கல்சியமும் குறைந்ததுபோல் தெரியும். அல்புமினுக்குத் திருத்திய கல்சியத்தைத்தான் பார்க்க வேண்டும். அல்கலைன் பொஸ்படேஸை நச்சுக்கொடியும் சுரப்பதால் கடைசி மாதங்களில் அது ஏறியிருப்பது வழமை. அதை மட்டும் வைத்து எலும்பு நோய் என்று முடிவெடுக்க முடியாது.

முடிவு வந்ததும் எண், அலகு, திகதி, தொடங்கிய மருந்தின் அளவு ஆகியவற்றைக் கர்ப்பிணிக் காட்டில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். காசல் வீதி மகளிர் வைத்தியசாலைக்கோ டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலைக்கோ நடு இரவில் வலியோடு போய் நிற்கும்போது அங்குள்ள டொக்டர் பார்க்கப்போவது அந்தக் காட்டைத்தான். தனியார் டொக்டரின் பைல் வீட்டு அலுமாரியில் இருந்து என்ன பயன்?

5. குளிசை: கடையில் நடக்கும் பிழைகள் இங்கேதான்

கேட்க வேண்டிய பெயர் கோலேகல்சிபெரோல், அதாவது விற்றமின் டி3. நாளாந்தக் குளிசைகள் 400, 1000, 2000 என்று வரும். பெட்டியில் மைக்ரோகிராம் மட்டும் போட்டிருந்தால் 40 ஆல் பெருக்குங்கள்: 25 மைக்ரோகிராம் என்றால் 1000 ஐ.யூ.

குறைபாடு இல்லாதவருக்கு 400 முதல் 600 போதும். மேலே சொன்ன பட்டியலில் வருகிறவருக்குப் பல டொக்டர்கள் நாளுக்கு 1000 எழுதுவார்கள். கையிருப்பு மிகக் குறைந்தால் கிழமைக்கு ஒருமுறை 20,000 என்று 4 முதல் 6 கிழமை கொடுத்துவிட்டு நாளாந்த அளவுக்கு மாற்றும் முறையும் உண்டு. இதை டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். வைத்தியக் கண்காணிப்பு இல்லாமல் கர்ப்பிணி எடுக்கக்கூடிய உச்ச எல்லை நாளுக்கு 4000.

எவ்வளவு ஏறும் என்று கணக்குப் பார்க்க விரும்புகிறவருக்கு ஒரு பருமட்டான விதி: நாளுக்கு 100 ஐ.யூ. தொடர்ந்து போட்டால் இரண்டு மூன்று மாதத்தில் சுமார் 1 நனோகிராம் உயரும். 14 இல் இருப்பவர் நாளுக்கு 1000 போட்டால் 24-ஐ ஒட்டி வருவார். பருமனானவரிடம் இதைவிடக் குறைவாகத்தான் ஏறும். ஒரு மாதத்தில் திரும்பவும் டெஸ்ட் எடுப்பது வீண்செலவு. மூன்று மாதம் பொறுங்கள்.

இனிப் பிழைகள்.

கிழமைக் குளிசையை நாள்தோறும் போடுவது. இந்தியாவிலிருந்து வரும் 60,000 பக்கெட்டுகளும் 50,000 கெப்சூல்களும் கிழமைக்கு ஒன்று என்று உருவானவை. வீட்டில் நாலைந்து மருந்தோடு சேர்ந்து மேசையில் கிடந்தால் மாறிப்போக ஒரு நொடி போதும். வாங்கிய அன்றே பெட்டியில் தடித்த பேனாவால் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதி, மற்ற மருந்துகளிலிருந்து பிரித்து வையுங்கள். அளவு மீறினால் இரத்தத்தில் கல்சியம் ஏறும்: ஓயாத வாந்தி, மலச்சிக்கல், கடும் தாகம், அடிக்கடி சிறுநீர். கர்ப்பத்தில் இவையெல்லாம் இயல்புதானே என்று விட்டுவிடுவதால் பிந்தித்தான் கண்டுபிடிப்பார்கள்.

அல்பாகல்சிடோலை வாங்கிவருவது. 0.25 மைக்ரோகிராம் கெப்சூலாக வரும். பெரும்பாலும் சிறுநீரக நோயாளிகளுக்கானது. பெயரில் விற்றமின் டி ஒட்டிக்கொண்டிருப்பதால் 'இதுவும் அதுதான்' என்று கைமாறிவிடும். இது உடலின் கையிருப்பை நிரப்பாது, கல்சியத்தை மட்டும் வேகமாக ஏற்றும். உங்களுக்கென்று டொக்டர் எழுதாத வரை வேண்டாம்.

மீன் ஈரல் எண்ணெய். கொட் லிவர் எண்ணெயில் விற்றமின் டி உண்டு. கூடவே ரெட்டினோல் வடிவில் விற்றமின் ஏ-யும் நிறைய. அது அளவு மீறினால் கருவின் உறுப்புகளைப் பாதிக்கக்கூடியது. கர்ப்பத்தில் தவிர்த்துவிடுங்கள்.

இரட்டைக் கணக்கு. கர்ப்பிணிகளுக்கான மல்டிவிற்றமின், டி சேர்த்த கல்சியம், கர்ப்பிணிப் பால்மா மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். புதிதாக ஒன்றை வாங்க முன் மூன்று லேபலையும் கூட்டிப் பாருங்கள். ஏற்கெனவே 800 வந்துவிட்டால் தனிக் குளிசை எதற்கு?

நேர அட்டவணை இப்படி வைத்தால் சிக்கல் குறையும். விற்றமின் டி மதியச் சாப்பாட்டோடு, ஏனென்றால் கொழுப்போடுதான் அது நன்றாக உறிஞ்சப்படும். கல்சியமும் சாப்பாட்டோடு. இரும்புக் குளிசை இரவு படுக்கப் போகும்போது, கல்சியத்திலிருந்து குறைந்தது இரண்டு மணித்தியாலம் தள்ளி. பிளேன்ரீயோடு இரும்பைப் போட வேண்டாம். தைரொக்சின் போடுகிறவர் கல்சியத்தையும் அதையும் நான்கு மணித்தியாலம் பிரியுங்கள்.

விற்றமின் டி ஏறினாலும் கல்சியம் இல்லாவிட்டால் எலும்பு உருவாகாது. கர்ப்பிணிக்கு நாளுக்கு சுமார் 1000 மில்லிகிராம் தேவை. கல்சியம் லக்டேட்டின் எடையில் 13 சதவீதம்தான் உண்மையான கல்சியம், ஆகவே 300 மில்லிகிராம் குளிசை ஒன்றில் கிடைப்பது 39 மில்லிகிராம். கார்பனேட்டில் 40 சதவீதம்: 1250 மில்லிகிராம் குளிசை 500 தரும். கிளினிக் குளிசையைப் போட்டாலும் மீதியைச் சாப்பாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். ஒரு தம்ளர் பாலில் 240 வரை, 100 கிராம் குரக்கன் மாவில் 340 அளவு. முள்ளோடு சாப்பிடும் நெத்தலி மலிவான வழி.

6. வெயில்

இளவெயிலில் விற்றமின் டி கிடைக்கும் என்பது நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை. காலை 7 மணி வெயில் இதமாக இருக்கிறது, ஆனால் தோலில் விற்றமின் டி-யை உருவாக்கும் யூ.வி.பி. கதிர் அப்போது மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் கணக்கு. கொழும்பு பூமத்திய கோட்டுக்கு 7 பாகை வடக்கே இருப்பதால் வருடம் முழுவதும் சுமார் 10 மணிக்குப் பிறகு அந்த நேரம் வரும்.

கையும் காலும் தெரிய 5 முதல் 30 நிமிடம், கிழமைக்கு இரண்டு தடவையாவது என்பது பொதுவான அறிவுரை. நம் நிறத் தோலுக்குக் கூடிய பக்கத்து எண்ணை எடுங்கள். முகத்தை மூடிக்கொள்ளலாம். கர்ப்பத்தில் வெயில் பட்டு மங்கு விழும் என்று பயப்படுவது நியாயம்தான், அதற்காகக் கையையும் மூட வேண்டியதில்லை. பல்கனிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் பலனில்லை, கண்ணாடி யூ.வி.பி.-யைத் தடுத்துவிடும். தலை சுற்றினால் உடனே உள்ளே வாருங்கள்.

காலி வீதிப் பக்கத் தொடர்மாடியில் ஐந்தாம் மாடியில் இருந்துகொண்டு, குடை இல்லாமல் வெளியே போகாத ஒருவருக்கு இதெல்லாம் நடக்கிற காரியமில்லை. அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம், குளிசையே போதும். மூடிய உடை அணிகிறவருக்கும் அதுதான் இலகுவான வழி. சாப்பாட்டால் மட்டும் நிரப்புவது கடினம்: முட்டை ஒன்றில் கிடைப்பது சுமார் 40 ஐ.யூ. சாளை, சூடை, ரின்மீன் போன்ற எண்ணெய் மீன்கள் கொஞ்சம் கைகொடுக்கும்.

பிறந்த பிள்ளையை வெயிலில் பிடிப்பது வேறு விஷயம். ஆறு மாதத்துக்குள் நேரடி வெயில் கூடாது. இளவெயிலில் பிடித்தால் செங்கமாரி மாறும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்காலும் உள்ளங்கையும் மஞ்சளானாலோ ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

7. பிள்ளையின் துளி: முதல் நாட்களிலேயே

பிள்ளை பிறக்கும்போது அதன் விற்றமின் டி அளவு தாயின் அளவில் ஏறத்தாழ 60 முதல் 80 சதவீதம். தாய்க்குக் குறைந்தால் பிள்ளைக்கும் குறைவு. தாய்ப்பாலில் தேவையானவற்றில் பெரும்பாலானவை உண்டு, ஆனால் இது மிகச் சொற்பம். அதற்கு மேல் 31 ஆம் நாள் துடக்குக் கழியும்வரை தாயும் பிள்ளையும் அறைக்குள்ளேயே. ஆனபடியால் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் பிறந்த முதல் சில நாட்களில் தொடங்கி ஒரு வயது வரை நாளுக்கு 400 ஐ.யூ.

இது தானாக உங்கள் கைக்கு வரும் என்று காத்திருக்க வேண்டாம். வார்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் அன்று டொக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "பிள்ளைக்கு விற்றமின் டி துளி எழுதித் தருவீங்களா?" எழுதியதும் டயக்னோசிஸ் காட்டையும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் பாமசிக்குக் கொண்டுபோங்கள்.

'ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் கொடுக்கக் கூடாது' என்று யாராவது தடுத்தால், உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையிலேயே விற்றமின் துளிகளுக்கும் மருந்துகளுக்கும் இடம் உண்டு என்று சொல்லுங்கள். தடை தண்ணீருக்கும் வேறு பாலுக்கும் உணவுக்கும்தான்.

போத்தலை வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி: 400 ஐ.யூ. எத்தனை மில்லிலீற்றரில், அல்லது எத்தனை துளியில்? சந்தையில் எல்லா விதமும் உண்டு. 1 மில்லிலீற்றரில் 400, அரை மில்லிலீற்றரில் 400, ஒரே துளியில் 400. இங்கே மாறினால் விளைவு பெரிது. ஒரு துளியில் 400 உள்ள மருந்தை 'ஒரு மில்லி' என்று நிரப்பிக் கொடுத்தால் ஒரே நாளில் பல ஆயிரம் உள்ளே போய்விடும். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு உச்ச எல்லை 1000. 2010 இல் அமெரிக்க எப்.டி.ஏ. (உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம்) தனி எச்சரிக்கை விட்டது இந்தத் துளிக்குழாய்ப் பிழைக்காகத்தான்.

துளிக்குழாயைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, கோட்டில் திரவத்தின் அடிவளைவு தொடுகிறதா என்று பாருங்கள். மேலே காற்றுக்குமிழ் நின்றால் தள்ளிவிட்டு மறுபடி எடுங்கள். பழைய போத்தலின் குழாயைப் புதிய போத்தலுக்குப் பாவிக்க வேண்டாம். கொடுக்கும்போது கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. தொண்டைக்கு நேரே பீச்சினால் புரைக்கேறும். ஒற்றைத் துளி வகையென்றால் போத்தலைப் பிள்ளையின் வாய்க்கு மேல் கவிழ்க்காமல், முலைக்காம்பில் ஒரு துளி விட்டுப் பிள்ளையைச் சூப்பவிடுங்கள். கக்கினால் திரும்பக் கொடுக்க வேண்டாம். ஒரு நாள் மறந்தால் அடுத்த நாள் இரட்டிப்பாக்க வேண்டாம். அம்மம்மாவும் தாயும் தனித்தனியே கொடுத்துவிடுவது வீடுகளில் சர்வ சாதாரணம். கலண்டரில் கொடுத்தவுடன் கோடு போடுங்கள்.

செலவை ஒப்பிட, போத்தல் விலையை விட்டுவிட்டு நாள் கணக்கைப் பாருங்கள். மில்லிலீற்றருக்கு 400 உள்ள 30 மில்லிலீற்றர் போத்தல் 30 நாள். அரை மில்லிலீற்றருக்கு 400 உள்ள 15 மில்லிலீற்றர் போத்தலும் 30 நாள். பெரிதாகத் தெரிகிறது என்று முதலாவதற்குக் கூடக் கொடுக்கத் தேவையில்லை.

பால்மா கொடுக்கிறவருக்கு: லேபலில் தயாரித்த பால் 100 மில்லிலீற்றருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று பாருங்கள். 1.2 என்று இருந்தால் 48 ஐ.யூ. பிள்ளை நாளுக்கு 600 மில்லிலீற்றர் குடித்தால் 288 கிடைக்கும். மீதிக்குத் துளி வேண்டுமா என்று அந்த எண்ணோடு டொக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று: ஆறாம் மாதம் கிளினிக்கில் கொடுப்பது விற்றமின் ஏ. அதைக் கொடுத்தாயிற்று என்று டி துளியை நிறுத்திவிடும் தாய்மார் உண்டு.

8. மாதம் குறைந்து பிறந்தால்

கடைசி மூன்று மாதத்தில் சேர வேண்டிய கல்சியமும் பொஸ்பேட்டும் சேரவில்லை. அதனால் 400 என்ற பொதுக் கணக்கு இங்கே செல்லாது. டி-யின் அளவையும், பொஸ்பேட், கல்சியம் வேண்டுமா என்பதையும் சிறப்புப் பராமரிப்புப் பிரிவின் டொக்டர் தீர்மானிப்பார். வீட்டுக்கு வரும்போது அடுத்த இரத்தப் பரிசோதனைத் திகதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நெப்பி மாற்றும்போது இரண்டு கணுக்காலையும் பிடித்துத் தூக்காமல் இடுப்புக்குக் கீழ் கையைக் கொடுத்து உயர்த்துங்கள். எண்ணெய் பூசி மூட்டுகளை மடக்கி நீட்டும் வேலையை டொக்டர் சொல்லும்வரை ஒத்திப்போடுங்கள். இந்த எலும்புகள் இலேசில் முறியும்.

9. எதைக் கண்டால் ஓட வேண்டும்

முதல் கிழமைகளில்: கையும் காலும் துடிப்பது. அந்தக் கையை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். நின்றால் பெரும்பாலும் வெறும் நடுக்கம், அப்போதும் அன்றே டொக்டரிடம் காட்டுங்கள். பிடித்தும் நிற்காவிட்டால், கண் ஒருபக்கம் நிலைகுத்தினால், மூச்சு இடையில் நின்றால், உதடு நீலமானால் வலிப்பு. கல்சியம் குறைந்தும் வரும், சீனி குறைந்தும் வரும், கிருமித் தொற்றாலும் வரும். காரணத்தை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள், அது இலவசம். வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம். பிறந்த ஆஸ்பத்திரி தூரமென்றால் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. போனதும் தாயின் விற்றமின் டி ரிப்போட், தாய் போட்ட வலிப்பு மருந்து ஆகியவற்றை முதலில் சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

பிறகு வரும் மாதங்களில்: மணிக்கட்டு தடித்தல், விலா எலும்பு நெஞ்சில் சேருமிடத்தில் மணிமாலைபோல் முடிச்சுகள், பல் பிந்துதல், உட்காரவும் நடக்கவும் பிந்துதல், உச்சிக்குழி 18 மாதம் தாண்டியும் அகலமாகவே இருத்தல். கால் கொஞ்சம் வளைந்திருப்பது மட்டும் என்றால் இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் வளைந்தால், அல்லது மேலே சொன்னவற்றோடு சேர்ந்து வந்தால் காட்டுங்கள்.

டொக்டர் எழுதுவது வழக்கமாக கல்சியம், பொஸ்பேட், அல்கலைன் பொஸ்படேஸ், பி.டி.எச். (கல்சியத்தைக் கட்டுப்படுத்தும் ஹோர்மோன்), விற்றமின் டி, மணிக்கட்டு எக்ஸ்ரே. ரிப்போட்டில் அல்கலைன் பொஸ்படேஸ் கூட என்று குறி இருந்தால், பக்கத்தில் அச்சிட்டிருப்பது பெரியவர்களின் எல்லையா என்று பாருங்கள். வளரும் பிள்ளைக்கு அது இயல்பாகவே பெரியவர்களைவிட மிக அதிகம். எலும்புருக்கம் உறுதியானால் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 2000 ஐ.யூ. வீதம் குறைந்தது 90 நாள், போதிய கல்சியத்தோடு. முப்பதாம் நாளில் பிள்ளை சுறுசுறுப்பாகிவிட்டது என்று நிறுத்தினால் எலும்பு குணமாவது பாதியில் நின்றுவிடும். அதன்பின் திரும்ப 400.

10. ஒரு வயது வரை

தாய் பாலூட்டும் காலம் முழுவதும் தன் நாளாந்த அளவைத் தொடரலாம், ஆனால் அது பிள்ளையின் துளிக்குப் பதிலாகாது. பாலின் வழியே பிள்ளைக்குப் போதுமான அளவு போக வேண்டுமென்றால் தாய் ஆயிரக்கணக்கில் எடுக்க வேண்டிவரும். டொக்டர் சொல்லாமல் அந்தப் பரீட்சை வேண்டாம்.

ஒவ்வொரு தடுப்பூசி நாளிலும் போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மிட்வைஃபோ டொக்டரோ 'எவ்வளவு கொடுக்கிறீங்கள்' என்று கேட்டால் லேபலோடு காட்டலாம். கடையில் வேறு பிராண்ட் தந்த மாதங்களில் இது கட்டாயம், ஏனென்றால் செறிவு மாறியிருக்கும். ஒரு வயதானபின் தேவை நாளுக்கு 600 ஆகிறது. முட்டை, மீன், பால் மூன்றும் சாப்பிடத் தொடங்கிய பிள்ளையா, இன்னும் சோறும் பருப்பும் மட்டும்தானா என்பதைச் சொல்லித் துளியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று கேளுங்கள். நிறுத்திய திகதியைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.